உருப்படி: மகள், ஒன்று

கிராம் சாரின் மேஜை இழுப்பறையில், ஸ்டீல் டேப்புக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சான்றிதழ் இருந்தது. அலுவலகத்தில் அச்சடித்த படிவம். ‘உருப்படி’ என்ற இடத்தில் ‘மகள், ஒன்று’ என்று எழுதியிருந்தது. ‘சோதனையின்போது இருந்த நிலை’ என்ற இடத்தில் ‘தூக்கம்’. அளவு: நூறு சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ‘ரத்து’, தேதி, கையெழுத்து.

இருபத்தெட்டு வருட வேலையில் அவர் ரத்து செய்தது அந்த ஒன்றைத்தான்.

தராசுகளைச் சோதிப்பது அவர் வேலை. கடைத் தராசு, மருந்து கலக்கும் இடத்தில் இருக்கும் சின்னத் தராசு, லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தும் எடைமேடை, துணிக்கடை மீட்டர் கோல், எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை அவர் கையில் பட்டுப் போக வேண்டும். சரியாக இருந்தால் சான்றிதழ். இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர். கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அசைந்து கொடுக்க மாட்டார்.

“ரெண்டு கிராம்தானே சார் குறையுது?” என்பார் கடைக்காரர்.

“குறையுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் நான் தனியா என்ன சொல்றது?” என்று ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவார். கிராம் சார் என்ற பெயர் அப்படி வந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேரிலேயே கூப்பிட்டார்கள். கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து, “கிராம் சார் பேசறேன்” என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

அவருடைய சோதனை அறை மூன்றாம் மாடியில் இருந்தது. அங்கே மின்விசிறி கிடையாது. காற்றில் தராசுத் தட்டு ஆடும். எடைக்கற்களை வெறுங்கையால் தொடக் கூடாது. கை ஈரமும் எடைதான். வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும் முதலில் ஒரு மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும். அறையின் சூடு அதற்குள்ளும் இறங்கிய பிறகுதான் சோதனை. இந்த வழக்கம் அவருக்குள்ளேயே ஊறிப்போயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நான்கு வயது மகள் மடியில் ஏறப் போனால் மனைவி தடுப்பாள்.

“இருடி. அப்பா இன்னும் ரூம் சூட்டுக்கு வரல.”

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் மெஷின். கழுத்தில் எந்நேரமும் மஞ்சள் டேப். அவள் அளவெடுக்கும் அழகைப் பார்த்தால் கிராம் சாருக்கு நெஞ்சு அடைக்கும். இரண்டு விரலை உள்ளே விட்டு அளப்பாள். “முப்பத்தி நாலு, ஒரு முப்பத்தஞ்சுன்னு வச்சுக்கலாம்” என்பாள். குழந்தைகள் உடுப்பு என்றால் கீழ் மடிப்பில் தாராளமாகத் துணி விட்டுத்தான் தைப்பாள்.

“வச்சுக்கலாம்னா? அளவுன்னா அளவு. அதை எப்படி வச்சுக்கறது?”

“சட்டைக்குள்ள மூச்சு விடற ஆளு இருக்காங்க. உங்க தராசு மூச்சு விடுதா?”

இப்படி இரண்டு கட்சிகள் இருந்த வீட்டில்தான் நீலத் திமிங்கிலம் புகுந்தது.

நகரத்துக்கு வெளியே இருந்த கேளிக்கைப் பூங்காவில் அது புது ராட்டினம். திமிங்கில முதுகில் இருக்கைகள். சுற்றிக்கொண்டே மேலே போகும், மேலே போனதும் வால் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சும். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்த நாளிலிருந்து மகளுக்கு வேறு பேச்சே இல்லை. அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. குளிக்கும்போது திமிங்கிலம், சாப்பிடும்போது திமிங்கிலம். எட்டு மாதத் தம்பியைக் குப்புறப் போட்டு முதுகில் ஏறப் பார்த்த அன்றுதான் கிராம் சார் வாக்குக் கொடுத்தார்.

“சரி. இந்த ஞாயித்துக்கிழமை திமிங்கிலத்துல போறோம்.”

“சத்தியமா?”

“நான் என்னிக்காவது தப்பா சொல்லியிருக்கேனா?”

உண்மைதான். சொன்னதில்லை.

பூங்காவுக்குத் தொலைபேசியில் கேட்டதில் ஒரு விதி தெரிந்தது. திமிங்கிலத்தில் ஏற நூறு சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அதற்கு மேல் நூற்றிருபது வரை பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். மனைவி மஞ்சள் டேப்பை எடுத்தாள். மகளைச் சுவரோரம் நிறுத்தினாள்.

“தொண்ணூத்தி ஒம்பது. பட்டும் படாம.”

“உன் டேப் பத்து வருஷமா இழுபட்டுக் கிடக்கு. இழுபட்ட டேப் எப்பவும் குறைச்சுத்தான் காட்டும்” என்றார் கிராம் சார். அதுவும் உண்மைதான்.

அவரே அளக்க முயன்றார். மகள் ஒரு நொடி நின்றால்தானே. முதல் தடவை குனிந்தாள், இரண்டாம் தடவை எம்பினாள், மூன்றாம் தடவை திமிங்கிலம் எப்படி நீந்தும் என்று காட்டினாள். மூன்று அளவும் மூன்று விதம். இப்படிப்பட்ட உருப்படியை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையும் செய்ய முடியாது. அசையாமல் இருக்க வேண்டும். அவள் அசையாமல் இருப்பது ஒரே நேரத்தில்தான்.

சனிக்கிழமை மதியம் அவள் தூங்கியதும், கட்டிலின் தலைப்பலகையில் உச்சந்தலை படும்படி மெல்ல நகர்த்தினார். பாதத்தில் ஒரு தடித்த புத்தகத்தை நிமிர்த்தி வைத்தார். ஸ்டீல் டேப். ஐந்து முறை அளந்தார். ஐந்தும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கின. சராசரி, நூறு புள்ளி இரண்டு. மனிதர் பூரித்துப்போனார். பையிலிருந்து படிவத்தை எடுத்து அழகான கையெழுத்தில் நிரப்பி, உறைக்குள் போட்டு, அவள் எழுந்ததும் கையில் கொடுத்தார்.

“என்னப்பா இது?”

“நீ திமிங்கிலத்துல போகலாம்னு எழுதியிருக்கு.”

அவள் அன்று முழுக்க அதைக் கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கான மூட்டையையும் கிராம் சாரே கட்டினார். தம்பிக்குப் பெயர் உருண்டை. உருண்டைக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பால். ஆக மூன்று பாட்டில். டயப்பர் ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு ஒன்று, ஐந்து. தலா இரண்டு வாழைப்பழம். பிஸ்கட் ஒரு பொட்டலம். அவர் செருப்பு மாட்டப் போன நேரத்தில் மனைவி பையைத் திறந்து மேலும் நான்கு டயப்பர், ஒரு கவுன், ஒரு துண்டு, ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் என்று திணித்தாள். பை வீங்கியது.

“எதுக்கு இவ்வளவு?”

“நான் விட்டுத் தைக்கிறவ.”

பேருந்தில் ஏறி ஒரு மணி நேரம். பூங்கா வாசலைத் தாண்டும் முன்பே இரண்டு டயப்பர் போயிற்று. புது இடத்தைப் பார்த்த சந்தோஷமோ என்னவோ, உருண்டை எந்த அட்டவணைக்கும் அடங்கவில்லை. மனைவி பையின் வாயைத் திறந்து காட்டி, மூடினாள். அது போதுமே.

உள்ளே போனால் ஒரே கூச்சல். எங்கிருந்தோ பாட்டு, எங்கிருந்தோ தண்ணீர், தலைக்கு மேலே கத்திக்கொண்டே போகும் ஆட்கள். வாலுவுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. கிண்ணம் சுழல்வதையும் குதிரை ஓடுவதையும் தாண்டி அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். ஒரு கையில் விரல், மறு கையில் சான்றிதழ்.

திமிங்கிலத்தின் முன்னால் வளைந்து வளைந்து வரிசை. நிழல் இல்லை. மனைவி பையோடு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கிராம் சார் உருண்டையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் பையில் போட்டுக்கொண்டு மகளோடு வரிசையில் நின்றார். நாற்பது நிமிடம். அதற்குள் முன்னால் நின்ற அம்மாள், பின்னால் நின்ற மீசைக்காரர், அவருடைய இரட்டைப் பெண்கள், எல்லோருக்கும் வாலு சான்றிதழைக் காட்டி முடித்துவிட்டாள்.

“எங்க அப்பா எழுதுனது. நான் நூறு.”

“அடேயப்பா!” என்றார் மீசைக்காரர். “எங்க வீட்டுல ரெண்டு இருக்கு, ஒண்ணுக்கும் பேப்பர் இல்லையே!”

வரிசையின் தலையில் ஒரு மரக்கரடி நின்றது. ஒரு கையை நேராக நீட்டிக்கொண்டிருந்தது. கைக்கு அடியில் தலை முட்டினால் ஏறலாம். பக்கத்தில் பெரிய தொப்பியும் கழுத்தில் விசிலுமாக ஓர் ஐம்பது வயதுப் பெண். அவள் விசில் ஊதினால்தான் திமிங்கிலம் கிளம்பும்.

“அடுத்து. செருப்பைக் கழட்டிட்டு நில்லும்மா தங்கம்.”

வாலு செருப்பைக் கழற்றிக் கரடிக்கு அடியில் போய் நின்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக அசையாமல் நின்றாள். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள்.

விசில்காரப் பெண் குனிந்து பார்த்தாள். கரடியின் கைக்கும் தலைக்கும் நடுவே சுண்டு விரலை விட்டாள். நுனி போயிற்று.

“சார், பாப்பா குறையுதே.”

“இருக்காது” என்றார் கிராம் சார்.

“நீங்களே பாருங்க.”

“பேப்பரைக் காட்டும்மா” என்றார் மகளிடம். அவள் பெருமையாக நீட்டினாள். விசில்காரப் பெண் கண்ணாடியை இறக்கி மேலிருந்து கீழே வரை படித்தாள். ‘தூக்கம்’ வந்த இடத்தில் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

“யார் சார் குடுத்தது இதை?”

“நான்தான்.”

“பாப்பாவுக்கு நீங்க யாரு?”

“அப்பா.”

“நல்லா இருக்கே! அப்போ எங்க வீட்டுக்காரர் நல்லவர்னு நான் ஒரு பேப்பர் குடுக்கட்டுமா? வாங்கிக்குவீங்களா?”

வரிசை சிரித்தது. கிராம் சார் சிரிக்கவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தார். உண்மையில் அவர் மனதில் அப்போது ஓடியது ஒன்றுதான். கரடி தப்பு. மழையில் மரம் உப்பியிருக்கும், கை மேலே வளைந்திருக்கும், கரடிக்கு அடியில் மட்டும் பாய் போட்டிருப்பார்கள். இந்தக் கரடிக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும்.

“கரடிதான் தப்பு” என்றபடி, நெஞ்சில் உருண்டை தொங்க, முட்டி போட்டு உட்கார்ந்தார். டேப்பைத் தரையிலிருந்து கரடியின் கை வரை இழுத்தார். உருண்டை பளபளவென்று ஏதோ வருவதைக் கண்டு இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்தான். விடுவித்து மறுபடி இழுத்தார். நூறு. கையின் நுனியில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, தோள் பக்கத்தில் ஒரு முறை. நூறு, நூறு, நூறு. ரப்பர் பாயைத் தூக்கிப் பார்த்தார். கரடியும் அதே பாயின் மேல்தான் நின்றது.

“சார், கரடிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“விடுய்யா, கரடி கூச்சப்படுது பாரு” என்றார் மீசைக்காரர்.

கிராம் சார் மகளின் உச்சியைப் பார்த்து அளந்தார். தொண்ணூற்று ஒன்பது புள்ளி நான்கு. முகம் சுண்டிப்போயிற்று. டேப் சரி. கரடி சரி. மிச்சம் இருப்பது அவர்தான்.

வரிசை நகராததைப் பார்த்து மனைவி பையும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“ஆறு மில்லிமீட்டர் குறையுது. நேத்து அஞ்சு தடவ அளந்தேன். அஞ்சும் ஒண்ணா வந்துச்சு.”

“எப்போ அளந்தீங்க?”

“தூங்கும்போது.”

மனைவி அவரைப் பார்த்தாள். “படுத்திருக்கும்போதா?”

“அப்போதான் அசையல.”

“ஏங்க, உலகத்துல யாராவது படுத்துக்கிட்டு அளவு குடுப்பாங்களா? படுத்தா முதுகு நீளும், பாதம் நீட்டிக்கும். என்கிட்ட அளவு குடுக்க வர்ற மூணாங்கிளாஸ் பையனுக்குக்கூடத் தெரியும், அளவுன்னா எந்திரிச்சு நிக்கணும்னு.”

கிராம் சார் நாக்கைக் கடித்துக்கொண்டார். நிற்கும்போது உடம்பின் பாரம் முதுகெலும்பை அழுத்தும், படுத்தால் தளரும். அவருக்குத் தெரியாததா? சூடு, காற்று, ஈரம் என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பவர், பூமி கீழே இழுப்பதை மறந்துபோயிருந்தார். அதை நம்பித்தான் தராசே வேலை செய்கிறது.

வாலுவுக்கு ஆறு மில்லிமீட்டர் தெரியாது. ஆனால் பெரியவர்கள் இப்படி மெதுவாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று தெரியும். கீழ் உதடு வெளியே வந்தது. கண் நிறைந்தது. திமிங்கிலம் அதே நேரம் பார்த்துத் தலைக்கு மேலே தண்ணீர் பீய்ச்சியது.

“ஒரு நகத்தளவுதானேம்மா, விட்டுடுங்க” என்றார் வரிசையில் இருந்த ஓர் அம்மாள்.

“பாவம், பேப்பரோட வந்திருக்கு” என்றார் மீசைக்காரர். இரட்டையர் இருவரும் தலையாட்டினார்கள்.

விசில்காரப் பெண்ணுக்கும் மனம் இளகிவிட்டது. வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “அப்பா கூட உக்காரப் போறார்ல... ஒரு தடவைதான். நீங்க சொல்லுங்க சார். நீங்கதானே அளக்கிறவரு. விடலாமா?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாக்குக் கொடுத்தது அவர். நாற்பது நிமிடம் வெயிலில் நின்றவள் அவள். இத்தனை வருடம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவர், இப்போது அந்தப் பக்கம் நின்றார். ‘ரெண்டு கிராம்தானே சார்’ என்று சொன்னவர்கள் ஒவ்வொருவரும் கண் முன்னால் வந்து போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

திமிங்கிலத்தின் இருக்கைகளைப் பார்த்தார். மடி மேல் வந்து பூட்டும் இரும்புக் கம்பி. அந்தக் கம்பியைச் செய்தவன் யாரோ ஒருவன் நூறு என்று அளந்துதான் செய்திருப்பான். அவனும் யாரோ ஒரு பிள்ளையை நினைத்துத்தான் அளந்திருப்பான்.

“வேண்டாம்மா” என்றார். “குறையுதுன்னா குறையுதுதான்.”

மனைவி அவர் தோளில் வெயிலுக்குப் போட்டிருந்த துண்டைச் சரி செய்தாள்.

வாலு விசும்பிக்கொண்டே சான்றிதழை நீட்டினாள். “நூறுன்னு எழுதியிருக்கே!”

“தப்பா எழுதிட்டேன்.”

“நீ பொய் எழுதுனியா?”

“பொய் இல்லடா. அப்பா தப்பா அளந்துட்டேன்.”

அவள் யோசித்தாள். கன்னத்தில் கண்ணீர் நின்றது. “அப்போ நான் படுத்துக்கிட்டே போறேன்.”

வரிசை முழுக்கச் சிரிப்பில் வெடித்தது. விசில்காரப் பெண் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததில் விசில் ஊதிவிட்டது. அதைக் கேட்டு மேலே இயந்திரத்தை இயக்கும் ஆள் திமிங்கிலத்தைக் கிளப்பிவிட்டான். பாதி ஆட்களோடு அது ஒரு சுற்றுப் போய் வந்தது. வாலுவுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது, ஆனால் விட்டுக் கொடுக்கவில்லை.

“நீ மன்னிப்பு கேளு.”

“மன்னிச்சுக்கோம்மா.”

“என்கிட்ட இல்ல. கரடிகிட்ட. கரடியைத்தானே தப்புன்னு சொன்ன?”

கிராம் சார் வரிசையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊரிலிருக்கும் கடைக்காரர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு, கரடியின் நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“மன்னிச்சுக்கோங்க. நீங்கதான் சரி.”

கைதட்டல். நெஞ்சிலிருந்த உருண்டையும் தட்டினான். அவன் கற்றிருந்த ஒரே வித்தை அது.

அதன் பிறகு, அங்கேயே நின்று, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அலுவலக வழக்கம் ஒன்று உண்டு. தப்பான சான்றிதழைக் கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு போட வேண்டும், கீழே இருப்பது தெரியும்படி. எழுதியவரே ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கரடியின் கையையே மேஜையாக்கி அதைச் செய்தார். வாலு எட்டி எட்டிப் பார்த்தாள்.

“இப்போ நான் எத்தனை?”

“தொண்ணூத்தி ஒம்பது புள்ளி நாலு.”

“அம்மா சொன்ன மாதிரியா?”

“அம்மா சொன்ன மாதிரி” என்றார். இழுபட்ட டேப்பைப் பற்றி அன்று மூச்சு விடவில்லை.

மீதி நாள் அருமையாகப் போயிற்று. குட்டி ரயிலில் நால்வரும் ஏறினார்கள். உயரம் கேட்காத ரயில். குகைக்குள் இருட்டில் நுழைந்ததும் உருண்டை அன்று முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தான், விக்கல் வரும் வரை சிரித்தான். வாலு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்ததால் மறுபடி இரண்டு சுற்று. கிண்ணத்தில் சுழன்று இறங்கியதும் கிராம் சார் பத்து நிமிடம் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அப்பா ரூம் சூட்டுக்கு வரணும்” என்று வாலு வழியில் போனவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னாள். வாழைப்பழம் தீர்ந்தது. கவுன் நனைந்து, இரண்டாவது கவுனும் நனைந்தது. டயப்பர் எட்டு. ஒன்று மிச்சம்.

சாயங்காலம் புல்வெளியில் துண்டை விரித்து உட்கார்ந்தபோது வாலு அம்மாவின் மஞ்சள் டேப்பைக் கேட்டு வாங்கினாள்.

“அப்பா, படு.”

படுத்தார். தலையிலிருந்து கால் வரை ஊர்ந்து ஊர்ந்து அளந்தாள். “ஒரு டேப்பு. அப்புறம் என் ஜாண் ரெண்டு.”

“நின்னா கொஞ்சம் குறையும்” என்றாள் மனைவி.

“தெரியும். படுத்தா அப்பா பெரிசு.”

பல வருடம் கழித்து, இந்த ஆண்டுத் தொடக்கத்தில், அவரை நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர், ஒரு கடைக்காரர், “கிராம் சார் இவ்வளவு உயரமா?” என்று கேட்டார். வீட்டிலிருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுதுகொண்டிருந்த மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனால் திமிங்கிலக் கதை பூங்காவோடு முடியவில்லை.

மறுநாள் கிராம் சார் மனைவியின் தையல் நோட்டைக் கேட்டு வாங்கினார். மகளுக்கு ஒவ்வொரு கவுன் தைக்கும்போதும் எடுத்த உயர அளவு அதில் இருந்தது, பிறந்ததிலிருந்து. எல்லாம் மஞ்சள் டேப்பில் எடுத்தவை, பெரும்பாலும் ‘வச்சுக்கலாம்’ ரகம். அவற்றை ஒரு தாளில் புள்ளியாகக் குறித்துக் கோடு போட்டுப் பார்த்தார். கடைசி ஒரு வருடக் கோடு கிட்டத்தட்ட நேராக வந்தது. மாதத்துக்கு ஆறு மில்லிமீட்டர்.

“சரியா ஒரு மாசம்” என்றார்.

மனைவி மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். “சரியாவா?”

கிராம் சார் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். “ஆறு வாரம்னு வச்சுக்கலாம்.”

மெஷின் நின்றது. “என்ன சொன்னீங்க?”

“காதுல விழுந்துச்சுல்ல? தைய்யி.”

ஆறு வாரம் வாலு ஒற்றைக் காலில் நின்றாள் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. இரண்டாவது வாரமே மறந்துபோனாள். நாய்க்குட்டி வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள். தேதியை நினைவு வைத்திருந்தது அவர் மட்டும். அன்று காலை அவளைச் சுவரோரம் நிறுத்தி, நாய்க்குட்டியைப் பற்றி யோசிப்பதாக ஒப்புக்கொண்டு, அசையாமல் இருந்த அந்த இரண்டு நொடியில் அளந்தார். பிறகு பையைக் கட்டினார். ஒன்பது டயப்பர்.

இந்தத் தடவை எந்தத் தாளும் கொண்டுபோகவில்லை.

“வாங்க கரடி சார்!” என்றாள் விசில்காரப் பெண், தூரத்திலேயே அடையாளம் கண்டு. “கரடி உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

வாலு செருப்பைக் கழற்றிப் போய் நின்றாள். முடி கரடியின் கையில் உரசியது. விசில்காரப் பெண் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள். போகவில்லை.

“ஏறு தங்கம். அப்பா ஏறுங்க.”

உருண்டையை மனைவி வாங்கிக்கொண்டாள். கம்பி மடி மேல் வந்து பூட்டியது. கிராம் சார் அதை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். விசில் ஊதியது. திமிங்கிலம் சுற்றிக்கொண்டே மேலே போயிற்று. பாதி உயரத்திலேயே அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எடைமேடையில் முப்பது டன் லாரியை ஏற்றி இறக்குபவருக்கு உயரம் ஆகாது என்பது அன்றுதான் வெளியே வந்தது. தண்ணீர் பீய்ச்சியது. மகள் அலறினாள், சந்தோஷத்தில். அவரும் அலறினார்.

உச்சியில் அது ஒரு கணம் நின்றது.

“அப்பா, கண்ணைத் திற! கீழ பாரு!”

“வேண்டாம்மா.”

“கரடியைப் பாருப்பா!”

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். கீழே, கூட்டத்துக்கு நடுவே, கையை நீட்டிக்கொண்டு விரல் அளவுக்கு நின்றது கரடி. பக்கத்தில் மனைவி உருண்டையின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“கரடி என்னைவிடக் குட்டிப்பா!”

இது தப்பான அளவு. தூரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. கிராம் சாருக்கு அது நன்றாகவே தெரியும்.

“ஆமாடா” என்றார். “ரொம்பக் குட்டி.”